போர்க்களம் பாட்டில் ஏறும்போது எது நிற்கிறது, எது விழுகிறது?

ஆகஸ்ட் 15 வந்தால் சேலம் காந்தி மைதானம் தொடங்கி ஏற்காட்டுப் பள்ளிக்கூடங்கள் வரை, ராணுவ வீரர்களைப் பற்றிய பாட்டுகள் ஒலிபெருக்கியில் ஓடும். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் நடந்த நாட்களில் அதே பாட்டுகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் நாள் முழுக்க ஓடின. அப்போதெல்லாம் ஒரு குழப்பம் கண்ணில் படும். ‘ஏ மேரே வதன் கே லோகோ’ சுதந்திரப் போராட்டத்துப் பாட்டு என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது 1962 சீனப் போரில் இறந்தவர்களுக்காக எழுதப்பட்டது. ‘தேரி மிட்டி’ கார்கில் பாட்டு என்று எண்ணிப் பிள்ளைகளை அதற்கு ஆட வைக்கிறார்கள். அந்தப் பாட்டு வரும் 2019 படமான ‘கேசரி’ சொல்வதோ, 1897 செப்டம்பர் 12 அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த சாராகர்ஹியில் நடந்த சண்டையை. அங்கே உயிர்விட்ட 21 பேரும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 36ஆம் சீக்கியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். எதிரே நின்றவர்கள் அஃப்ரிடி, ஒரக்சாய் பழங்குடிகள். அன்றைக்குப் பாகிஸ்தானும் இல்லை, சுதந்திர இந்தியாவும் இல்லை.

இதற்குக் கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாட்டுக்குள் ஆண்டு கிடையாது. இமயமலை, மண் என்பதைத் தாண்டி இடமும் கிடையாது. யார் யாரோடு மோதினார்கள், யாருடைய உத்தரவில் மோதினார்கள் என்பதும் கிடையாது. ஏன் அப்படி? ஒரு போர் பாட்டாகும்போது எது உள்ளே வருகிறது, எது வெளியே நின்றுவிடுகிறது? இதைத் தெரிந்துகொள்ள டெல்லிக்கோ பம்பாய்க்கோ போக வேண்டியதில்லை. கூத்து மேடை, நடுகல், சினிமா ஸ்டுடியோ மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற சேலத்திலிருந்தே பார்க்கலாம்.

முதலில் அடிப்படை: நான்கு வேலை, நான்கு வகை

எல்லாவற்றையும் ‘போர்ப் பாட்டு’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அவை செய்யும் வேலை வேறு வேறு.

1. அழைக்கும் பாட்டு. ஆள் சேர்க்க, பணம் சேர்க்க, ஊரை உசுப்ப எழுதப்படுவது. போர் நடக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ பிறக்கும். எதிரி யார் என்பதை இதுதான் ஓங்கிச் சொல்லும்.

2. படைக்குள் பாடும் பாட்டு. வீரர்கள் தாங்களே பாடுவது. அணிவகுப்பு நடை நிமிடத்துக்கு 120 அடி. அந்தக் காலடிக்குத் தோதாகச் சொல் குட்டையாக இருக்கும், வரி திரும்பத் திரும்ப வரும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு ராம்சிங் தாக்கூரி மெட்டமைத்த ‘கதம் கதம் படாயே ஜா’ இந்த வகை. மெட்ராஸ் ரெஜிமென்டின் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது பாட்டுக்கும் கொஞ்சம் முந்தைய நிலை, முழக்கம்.

3. கதை சொல்லும் பாட்டு. யார் வந்தார்கள், எங்கே மோதினார்கள், யார் விழுந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வது. பரணி, கதைப்பாடல், உடுக்கைப் பாட்டு எல்லாம் இதில் வரும்.

4. இரங்கும் பாட்டு. செத்தவரை நினைத்து, இருப்பவர்கள் பாடுவது. இலக்கணத்தில் கையறுநிலை, வீட்டு வாசலில் ஒப்பாரி.

இன்றைக்குப் பெருவாரியாகக் கேட்கிற பாட்டுகள் நான்காம் வகை. ஆனால் நாம் அவற்றை மூன்றாம் வகை என்று நினைத்துக் கேட்கிறோம். ஒப்பாரியைச் செய்தியாக எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒப்பாரி வைக்கிறவளிடம் இறந்த நேரத்தையும் காரணத்தையும் யாரும் கேட்க மாட்டார்கள், அவளும் அதைச் சொல்வதற்காக அழவில்லை. அதே நியாயம் இந்தப் பாட்டுகளுக்கும் உண்டு.

கல் சொன்னது ஒன்று, பாட்டு சொன்னது ஒன்று

சேர்வராயன் மலைக்கு வடக்கே தகடூர், இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். கிழக்கே போனால் செங்கம் வட்டாரம். இந்த நிலப்பரப்பு முழுக்க நடுகற்கள். சண்டையில் விழுந்தவனுக்கு ஊரார் நட்டு வைத்த கல்தான் நடுகல். பெரும்பாலும் அரசர்கள் மோதிய பெரும் போர்களுக்காக நட்டவை அல்ல, மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டைக்காக நட்டவை.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பார்த்தால் கல்லின் வழி என்ன என்று தெரிந்துவிடும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று முதலில் காலத்தைச் சொல்கிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் பட்டவன் பெயர் கருந்தேவக்கத்தி என்கிறது. கூடவே, கோவிவன் என்ற நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் வெட்டி வைத்திருக்கிறது. ஆண்டு, ஆள், காரணம், நாய் உட்பட உடன் நின்றவர்கள் எல்லாம் வந்துவிட்டன. புகழ்ச்சி என்று தனியாக ஒரு சொல் இல்லை. ஆனால் ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

பாட்டின் வழி வேறு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் சொல்கிறார்: இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கஞ்சமலை இரும்பைப் பார்த்துப் பழகிய சேலத்துக்காரர்களுக்கு அந்தப் பட்டறையைத் தனியாக விளக்க வேண்டாம்.

இதில் ஒரு போர்கூட வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேர் ஒன்றுமே இல்லை. முறிந்த வேல் நுனி ஒன்றை வைத்து அத்தனை போரையும் சொல்லிவிடுகிறார். பாட்டின் பலம் இந்த இடத்தில்தான். அதன் எல்லையும் இதுவேதான். அந்த வேல் யார் மேல் பாய்ந்தது என்று இந்தப் பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

கோவூர்கிழார் வேறு பக்கம் போகிறார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதும்போது, உன்னோடு போரிடுகிறவன் பனம்பூ சூடிய சேரனும் அல்ல, வேம்பு சூடிய பாண்டியனும் அல்ல, இரண்டு பேர் மாலையும் ஆத்திதான் என்கிறார். இருவரும் சோழர், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்று நேரே சொன்ன பாட்டு அது. போரை நிறுத்தச் சொல்லும் பாட்டும் நம் மரபில் அன்றிலிருந்தே உண்டு.

கூத்து: ஒரு இரவு முழுக்கக் களம்

சேலம், நாமக்கல், தருமபுரி ஊர்களில் தெருக்கூத்து இன்னும் நடக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கதை நாள் கணக்கில் போகும். ஒரு கூத்துக்கு ஒரு முழு இரவு. ராத்திரி தொடங்கினால் விடியும்வரை. இந்த நேர அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கர்ண மோட்சம் கூத்தை எடுத்துக்கொள்வோம். ‘போர்க் கதை’ என்று பெயர், ஆனால் களம் வந்து சேர வெகுநேரம் ஆகும். கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வேண்டும். அவளோ அவனுடைய பிறப்பைச் சொல்லி ஒதுக்கி வைத்திருந்தவள். அவன் கேட்க, அவள் மறுக்க, பாட்டும் வசனமுமாகத் தர்க்கம் நீள்கிறது. பிறகு மனம் மாறி, போகாதே என்று அவளே தடுக்கிறாள். அப்புறம் தேரோட்டி சல்லியனோடு ஒரு தர்க்கம். அர்ச்சுனனோடு மோதும் நேரம் இவற்றைவிடக் குறைவு. அதிலும் வில்லைவிட வாய்ச்சொல் அதிகம். கர்ணன் விழும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

ஒரு இரவு முழுக்கக் கையில் இருந்தும் கூத்து அந்த நேரத்தைச் சண்டைக்குக் கொடுப்பதில்லை, விடைபெறுவதற்குக் கொடுக்கிறது. வட மாவட்டங்களில் இறந்தவர் வீட்டுக் காரியத்துக்கே கர்ண மோட்சம் போடும் வழக்கம் இருப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். பார்க்க வந்தவர்களுக்கு அது பாரதப் போர் மட்டும் இல்லை, தங்கள் வீட்டுச் சாவும்கூட.

இன்னொன்றும் கூத்தில் உண்டு. என் கணக்கில் அதுதான் மிகப் பெரிய விஷயம். பதினெட்டாம் நாள் படுகளத்தில், களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி சபதம் முடித்துக் கூந்தல் முடிவாள். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைக்கிறாள். இத்தனை நாள் யாரைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஊரே காத்திருந்ததோ, அவனுக்காக அதே ஊர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரியின் வீட்டுக்கும் பாட்டில் ஒரு இடம் ஒதுக்கிய கலை இது.

கொங்குப் பக்கம் உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையும் இப்படித்தான். பொன்னரும் சங்கரும் வீரப்பூர்ப் படுகளத்தில் விழுந்த பிறகு, தங்கை களத்துக்கு நடந்து போய் அவர்களைத் தேடும் இடத்தில்தான் பாட்டு நின்று நிதானிக்கிறது.

சங்ககிரிக் கோட்டையில் 1805 ஜூலை 31 அன்று தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் கதைக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு. ஆங்கிலேயர் வைத்திருந்த பதிவும் மக்கள் பாடிய கும்மியும் இரண்டுமே கிடைக்கிற போர் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நாளும் தீர்ப்பும் பதிவில் இருக்கும். அந்த மனிதன் ஊருக்கு யாராக இருந்தான் என்பது பாட்டில் இருக்கும். ஒன்று இல்லாமல் மற்றொன்று அரைகுறை.

1945: சேலத்திலிருந்து பர்மாவுக்கு

இனி சினிமா. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தெரியாத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய அந்த ஸ்டுடியோ, இரண்டாம் உலகப் போரில் நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

பின்னணி இதுதான். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மாவில் இருந்த இந்தியர்கள், தமிழர்களும் சேர்த்து, லட்சக்கணக்கில் கிளம்பினார்கள், பலர் காட்டு வழியாக நடந்தே. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை பாதி காலியானது. கச்சாப் பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய பொருள், ஆகவே தட்டுப்பாடு. அரசு ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது, அதாவது சுமார் இரண்டு மணி நேரம். அதுவரை ஒரு படத்தில் நாற்பது பாட்டு இருந்தாலும் யாரும் வியக்க மாட்டார்கள். இப்போது அத்தனைக்கும் இடம் இல்லை. தமிழ் சினிமாவில் பாட்டின் எண்ணிக்கை குறைந்ததற்குப் போரும் ஒரு காரணம்.

உரிமம் அரசின் கையில் இருந்ததால், போருக்கு ஆதரவான படம் எடுக்க வேண்டிய நெருக்கடியும் வந்தது. அப்படி வந்தவற்றில் ஒன்று மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’, 1945. ஜப்பானியர் பிடித்த பர்மாவில் குண்டு போடப் போன இந்திய விமானம் ஒன்று விழுகிறது. உயிர் தப்பிய விமானப்படையினருக்கு அங்குள்ள ரகசிய எதிர்ப்புக் குழு உதவுகிறது. ராணியாக கே.எல்.வி.வசந்தா. ஜப்பானிய அதிகாரியாக டி.ஆர்.சுந்தரமே நடித்தார்.

சேலத்தில் கேமரா ஓடிய அந்தக் காலத்தில் உண்மையான பர்மாவில் நடந்ததை எதிரில் வைத்துப் பாருங்கள். 1944 இம்பால் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் தமிழர்கள் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஜப்பானியரோடு வந்த இந்திய தேசிய ராணுவத்திலும் தமிழர்கள் இருந்தார்கள், மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்தவர்கள். கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். மூன்றாவதாக இன்னொரு கூட்டம்: சயாம்–பர்மா ரயில் பாதை, சுமார் 415 கிலோமீட்டர், ஜப்பானியர் 1942–43இல் போட்டது. அதில் மண் வெட்டவும் கல் சுமக்கவும் மலேயாத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள்.

ஒரே காடு, ஒரே ஆண்டுகள், மூன்று விதத் தமிழர்கள். பிலிம் உரிமம் கிடைத்தது முதல் கூட்டத்தின் கதைக்கு மட்டும். சுதந்திரம் வந்தபின் இரண்டாம் கூட்டத்துக்குப் பாட்டும் மேடையும் கிடைத்தன, கிடைக்க வேண்டியதுதான். மூன்றாம் கூட்டத்தைப் பற்றி மேடையில் பாட்டுக் கேட்பது இன்றும் அரிது. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, மண்வெட்டிதான் இருந்தது. போர்ப் பாட்டு என்றால் ஆயுதம் ஏந்தியவனைத்தான் பாட வேண்டும் என்று ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அதனால் போரில் செத்தவர்களிலேயே பெரும்பங்கு வெளியே நின்றுவிடுகிறது.

1962: மூன்று நிமிடமும் ஒரு மலையும்

கிராமபோன் இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். சினிமாப் பாட்டின் நீளத்தைத் தீர்மானித்தது அந்தத் தட்டுதான். கூத்துக்கு ஒரு இரவு, பாட்டுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் படை நகர்வை விளக்க முடியாது, இரண்டு தரப்பின் நியாயத்தைச் சொல்ல முடியாது. ஒரு முகத்தைக் காட்டலாம், ஒரு தாயைக் காட்டலாம், ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். பல்லவி என்ற அமைப்பே திரும்பி வருவதற்காக இருக்கிறது. போரோ ஒரு முறை நடந்து முடிவது.

சீனப் போர் 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை. இந்தியா தோற்றது. ‘ஏ மேரே வதன் கே லோகோ’வை 1963 ஜனவரி 27 அன்று டெல்லி நேஷனல் ஸ்டேடியத்தில் நேரு முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடினார். எழுதியவர் கவி பிரதீப், இசை சி.ராமச்சந்திரா. சீக்கியர், ஜாட், மராட்டியர், கூர்க்கா என்று வரிசைப்படுத்தும்போது ‘மதராசி’யும் அதில் வருகிறான். ஒவ்வொருவரும் பத்துப் பத்துப் பேரை வீழ்த்திவிட்டு மயங்கி விழுந்தார்கள் என்று ஒரு வரியும் உண்டு. தோற்ற போரில் இப்படி ஒரு கணக்கு ஏன்? தோல்விக்குக் காரணம் வீரர்கள் இல்லை என்று சொல்ல நாட்டுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. சரியான ஆடையும் ஆயுதமும் ஏற்பாடும் இல்லாமல் மலைக்கு அனுப்பியது யார் என்ற கேள்வியை அந்தப் பாட்டு தொடவில்லை. அழுகைக்கு நடுவில் அந்தக் கேள்விக்கு இடமும் இல்லை.

களம் எப்படி இருந்தது என்பதற்கு ரெசாங் லா சாட்சி. லடாக்கில் 16,000 அடிக்கு மேல் ஒரு கணவாய். 1962 நவம்பர் 18. 13ஆம் குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில். ஏறக்குறைய 114 பேர் இறந்தார்கள். பனியில் உறைந்த உடல்களை ஓர் இடையர் கண்டது அடுத்த ஆண்டு பிப்ரவரியில். அதற்கு முன்பே, உயிரோடு திரும்பிய ஒரு சிலர் நடந்ததைச் சொன்னார்கள். பலர் நம்பவில்லை. கையில் துப்பாக்கியோடு உறைந்து கிடந்த உடல்கள் கிடைத்த பிறகுதான் அவர்கள் சொன்னது உண்மை என்றானது. தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால், ஸ்டேடியத்தில் பாட்டு முழங்கிய ஜனவரியில் அந்த உடல்கள் இன்னும் மலை மேலேதான் கிடந்தன. நாடு அழுது முடித்த பிறகுதான் களத்துச் செய்தி இறங்கி வந்தது.

தமிழில் அதே போரை வைத்து 1963இல் ‘இரத்தத் திலகம்’ வந்தது. கண்ணதாசன் தயாரிப்பு, பாட்டும் அவரே, இசை கே.வி.மகாதேவன், நடிப்பு சிவாஜியும் சாவித்திரியும். பனிமலையில் டி.எம்.சௌந்தரராஜன் குரலில் ஒலிக்கும் ‘பனி படர்ந்த மலையின் மேலே’ போரோடு சேர்ந்த பாட்டு. ஆனால் அந்தப் படத்திலிருந்து ஊருக்குள் தங்கிவிட்டது எது? ‘பசுமை நிறைந்த நினைவுகளே’. கல்லூரி முடிந்து பிரியும் மாணவர்கள் பாடுவது. சேலத்திலும் எந்தக் கல்லூரி விடைபெறும் விழாவிலும் அதைக் கேட்கலாம். அது சீனப் போர்ப் படத்துப் பாட்டு என்று பாடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூத்தில் பொன்னுருவிக்குப் போன நேரம், சினிமாவில் விடைபெறும் பாட்டுக்குப் போயிருக்கிறது.

அடுத்த ஆண்டே ‘கர்ணன்’. களத்தில் அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனுக்குச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’. சீனப் போர் முடிந்து 14 மாதத்தில், பொங்கலுக்கு வந்த படம். தோற்றவனுக்காக, வஞ்சிக்கப்பட்டவனுக்காக அழும் பாட்டு அந்த நேரத்தில் அத்தனை பேரைத் தொட்டதற்கு 1962இன் வலியும் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

2024இல் வந்த ‘அமரன்’ வரை இந்தப் பாதை மாறவில்லை. 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. சேலத்து பஸ்களிலும் டீக்கடைகளிலும் ஓடிய அந்தப் படத்துப் பாட்டு ‘ஹே மின்னலே’, காதல் பாட்டு. துப்பாக்கிச் சண்டை திரையில்தான் நிற்கிறது, காதில் நிற்பது பிரிவு.

இதைச் சினிமாவின் பலவீனம் என்று தள்ளிவிட முடியாது. வீரர்களே தேடிக் கேட்ட பாட்டுகளும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ‘லிலி மார்லீன்’ என்ற ஜெர்மன் பாட்டை, பெல்கிரேடு வானொலி வழியாக வட ஆப்பிரிக்காவில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் கேட்டார்கள். பாசறை வாசலில் விளக்குக் கம்பத்தடியில் காத்திருந்த காதலியைப் பற்றியது. சண்டை அவர்களுக்குப் பகல் முழுக்கக் கிடைத்தது. ராத்திரி அவர்கள் கேட்க நினைத்தது வேறு.

இதனால் என்ன ஆகிறது?

விளைவுகள் மூன்று. மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல.

1. பாட்டு களத்திலிருந்து கழன்றுகொள்கிறது. ஆண்டும் ஊரும் இல்லாததால் எந்தப் போருக்கும் பொருந்தும். 1897 சண்டைப் படத்துப் பாட்டு 2025க்கு ஓடுகிறது. பாட்டு நீண்ட நாள் உயிரோடு இருக்க இது உதவும், வரலாறு தெரிந்துகொள்ள உதவாது.

2. பாட்டு திரும்பிப் படைக்குள்ளேயே போகிறது. ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 29 அன்று டெல்லியில் நடக்கும் படை திரும்பும் விழாவில் நெடுங்காலம் ‘அபைட் வித் மீ’ என்ற ஆங்கிலத் துதிப்பாடல் இசைக்கப்பட்டது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். ‘ஏ மேரே வதன் கே லோகோ’ நிகழ்ச்சிக்குள் வந்தது. வெளியில் எழுதிய இரங்கல் பாட்டு, படையின் வாத்தியக் குழு வாசிக்கும் பாட்டாகிவிட்டது.

3. உயிரோடு வந்தவனுக்குப் பாட்டில் இடம் இல்லாமல் போகிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய இழப்பு. இரங்கும் பாட்டுக்குச் சாவு வேண்டும். கால் போய்த் திரும்பியவன், மலையில் லாரி ஓட்டியவன், பாலம் போட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆள், ரொட்டி சுட்ட சமையல்காரர், பென்ஷன் கோப்போடு அலையும் ஹவில்தார், யாருக்கும் அந்த மெட்டு பொருந்துவதில்லை. ரெசாங் லாவிலிருந்து திரும்பியவர்களை நம்ப மறுத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். செத்தவன்தான் உண்மையான வீரன் என்று பாட்டு மறுபடி மறுபடி சொன்னால், பிழைத்து வந்தவன் ஏன் பிழைத்தான் என்ற சந்தேகம் தானாக வரும்.

கேட்கும்போது மனதில் வைக்க வேண்டிய கேள்விகள்

பாட்டை ரசிப்பதை இந்தக் கேள்விகள் கெடுக்காது.

1. இது நான்கு வகையில் எது? அழைக்கிறதா, கதை சொல்கிறதா, அழுகிறதா?
2. எப்போது எழுதப்பட்டது? போர் நடக்கும்போதா, முடிந்த கையோடா, நூறு வருடம் கழித்தா?
3. உரிமமும் பணமும் யாருடையது? 1945 சேலத்தை நினைத்துக்கொண்டால் போதும்.
4. எண் வந்தால், அது கணக்கா, புகழ்ச்சியா? ஆயிரம் யானையை வென்றவனுக்குப் பாடுவது பரணி என்பார்கள். யாரும் யானையை எண்ணிப் பார்த்துப் பாடியதில்லை.
5. எதிரியின் வீட்டிலிருந்து ஒரு குரலாவது கேட்கிறதா? 2002இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்து ‘விடைகொடு எங்கள் நாடே’ இந்த இடத்தில் வேறு ஒரு வழியைக் காட்டியது. எந்தப் படையையும் பாடாமல், ஊரை விட்டு ஓடுகிறவர்களைப் பாடியது.

இந்தக் கேள்விகளில் பலவற்றுக்குப் பாட்டிலிருந்து விடை கிடைக்காது. விடை இருக்கும் இடம் வேறு. சேலம் மாவட்டத்தில் 1965, 1971 போர்க் காலத்தில் பணியில் இருந்த முன்னாள் படைவீரர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சேலத்திலும் இருக்கிறது. அவர்களைச் சுதந்திர தினத்தன்று மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். ஒரு அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து, ஐயா, எந்தப் பட்டாலியன், எந்த மாதம், எந்த ஊர்ப் பக்கம், என்ன சாப்பிட்டீர்கள், குளிருக்கு என்ன போட்டிருந்தீர்கள், கடிதம் வர எத்தனை நாள் ஆனது, பக்கத்தில் இருந்தவர் பெயர் என்ன, எதிர்ப்பக்கத்து ஆளை முகத்துக்கு முகம் பார்த்தீர்களா என்று கேட்டு, செல்போனில் பதிவு செய்து, தேதி போட்டு எழுதி வைக்கலாம். பெயர் சொல்லித்தான் பதிய வேண்டும் என்றும் இல்லை, அவர்கள் விருப்பம் எதுவோ அப்படி. அடுத்து பாட்டு எழுத உட்காருகிறவருக்கு அதில் ஒரு முறிந்த வேல் நுனி கிடைக்கலாம். ஒரு கோவிவனும் கிடைக்கலாம்.